மலைக்குடிலா, ஊர் அறையா?

ஆல்ப்ஸில் மோன் பிளாங்க் மலையைச் சுற்றிவரும் நடைபயணமான மோன் பிளாங்க் சுற்றில் இத்தாலியின் வால் ஃபெரே பள்ளத்தாக்குக்கு வந்ததும் பலர் குழம்புவது இதில்தான்: மேலே குடில்களில் தங்குவதா, கீழே கூர்மையூர் என்ற ஊரில் அறை எடுத்து பஸ்ஸில் போய்வருவதா?

செலவு: குடிலில் படுக்கையோடு இரவு உணவும் காலை உணவும் சேர்த்தே வாங்கலாம். ஊரில் எல்லாம் தனித்தனி.

தூக்கம்: குடிலில் பெரும்பாலும் பொது அறை, குறட்டை இலவசம். ஊரில் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

ஏற்றம்: பொனாட்டி குடிலில் தங்கினால் எதிரே கிராண்ட் ஜோராஸ் மலை தெரியும், ஆனால் மறுநாள் சுவிஸ் எல்லைக் கணவாய்க்குப் போக, பஸ் வந்து நிற்கும் ஆர்னூவா வரை இறங்கித்தான் ஏற வேண்டும், பஸ்ஸில் வருகிறவரும் அங்கிருந்துதான் ஏறுவார், அதனால் ஏற்றத்தில் லாபமில்லை. எலேனா குடிலில் தங்கினால் 2537 மீட்டர் உயரமுள்ள அந்தக் கிராண்ட் கோல் ஃபெரே கணவாய்க்கு ஏறத்தாழ 480 மீட்டர் ஏற்றம்தான் பாக்கி.

முன்பதிவு: கோடையில் குடில்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

கணவாயைத் தாண்டி சுவிஸ் பக்கம் லா ஃபூலி ஊருக்கு இறங்குகிறவருக்கு எலேனா. குழந்தைகளோடு, லேசான பையோடு பகலில் மட்டும் நடப்பவருக்கு கூர்மையூர். காட்சிதான் முக்கியம் என்றால், சரி, பொனாட்டியிலேயே தங்குங்கள்.