பழைய காரின் பெட்ரோல் மீட்டருக்கு ஒரு பொது சென்டர் யூனிட்: பொருத்தி ஓட்டிய பின் எழுதும் மதிப்புரை

பெட்ரோல் டேங்க்கினுள் இருந்தபடி எரிபொருளின் அளவை டேஷ்போர்டுக்குத் தெரிவிக்கும் கருவிக்குச் சென்டர் யூனிட் (sender unit) என்று பெயர். பட்டறைப் பேச்சில் அது டேங்க் ஃப்ளோட். உற்பத்தி நின்றுபோன கார்களுக்கு இந்தப் பாகம் அசலாகக் கிடைப்பது அரிது என்பதால், எந்த டேங்க்கின் ஆழத்துக்கும் ஏற்ப மிதவைக் கம்பியை வெட்டிப் பொருத்திக்கொள்ளும் பொது யூனிட்டுகள் விற்கப்படுகின்றன. அவற்றில் 240 முதல் 33 ஓம் வரையிலான (டேங்க் காலியானால் 240, நிரம்பினால் 33 ஓம் மின்தடை தரும்) வகையை என் பழைய காரில் பொருத்தி, வெயிலிலும் மழையிலும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். நல்ல பொருள், மீண்டும் தேவைப்பட்டால் இதையேதான் வாங்குவேன். ஆனால் பெட்ரோல் முள் தவறாகக் காட்டும் எல்லாக் கார்களுக்கும் இது மருந்து அல்ல. கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் வாங்குபவருக்கு இந்தப் பெட்டியால் எந்தப் பயனும் கிடைக்காமல் போகலாம் என்பதால், பொருளைப் பற்றிச் சொல்வதற்கு முன் சோதனையைப் பற்றிச் சொல்வதே முறை.

முதலில் டெம்பரேச்சர் மீட்டரைப் பாருங்கள். பழைய கார்கள் பலவற்றில் இரண்டு மீட்டர்களுக்கும் ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசரிலிருந்துதான் மின்சாரம் போகிறது. பேட்டரியின் 12 வோல்ட்டைச் சராசரியாக 10 வோல்ட்டுக்கு இறக்கித் தருவது பிரிட்டிஷ் கார்களில் இருந்த வழக்கம். வேறு சில கார்களில் அது 5 வோல்ட்டை ஒட்டியும் இருக்கும். இரண்டு முட்களும் சேர்ந்தாற்போல் அதிகமாகவோ குறைவாகவோ காட்டினால், பழுது டேங்க்கில் இருப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஸ்டெபிலைசரையும் அதன் எர்த்தையும் (வண்டியின் உடலோடு சேரும் மின் இணைப்பையும்) பார்த்தால் போதும். டேங்க்கைத் தொடவே வேண்டியதில்லை.

பெட்ரோல் முள் மட்டும் தவறாக நின்றால், அடுத்த சோதனை டேங்க்கின் அருகே நடக்க வேண்டும். இக்னிஷனை அணைத்துவிட்டு, சென்டர் யூனிட்டிலிருந்து சிக்னல் வயரைக் கழற்றுங்கள். வயரை எதிலும் படாமல் விட்டு இக்னிஷனைப் போட்டால், இந்த 240–33 வகையில் முள் காலிக்குப் போக வேண்டும். மீண்டும் அணைத்து, வயரை வண்டியின் எர்த்தில் இணைத்துப் போட்டால் முள் முழு அளவுக்கு ஏற வேண்டும். இணைப்பதும் பிரிப்பதும் எப்போதும் இக்னிஷன் அணைந்திருக்கும்போதே நடக்க வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் டேங்க்கின் பக்கத்தில் ஒரு சிறு தீப்பொறி கூட வரக் கூடாது. முள் இரண்டு பக்கமும் சரியாகப் போனால் மீட்டரும் வயரும் நலமாக உள்ளன; பழுது யூனிட்டில் அல்லது எர்த்தில். முள் அசையவே இல்லையென்றால் புது யூனிட் வாங்கும் எண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஃபியூஸையும் வயரையும் மீட்டரையும் பார்க்க வேண்டும்.

நேரடியாக எர்த் கொடுக்கும் இந்த முறை எல்லா மீட்டர்களுக்கும் உகந்தது அல்ல. பழைய மீட்டர்களில் பெரும்பகுதி, சூடாகி வளையும் இருவுலோகப் பட்டையால் முள்ளை நகர்த்துபவை. எர்த்தில் நீண்ட நேரம் பிடித்தால் அவற்றின் சூடேற்றும் சுருள் கருகிவிடும். எனவே வெறும் வயருக்குப் பதிலாக ஒரு வாட் அல்லது அதற்கு மேல் தாங்கும் ரெசிஸ்டர்களை இடையில் வைத்துச் சோதிப்பதையே நான் விரும்புகிறேன். 33 ஓமுக்கு முழு அளவு, ஏறத்தாழ 100 ஓமுக்குப் பாதி, 240 ஓமுக்குக் காலி என்று முள் நின்றுவிட்டால், மீட்டரைப் பற்றிய சந்தேகம் முழுவதுமாகத் தீர்ந்துவிடும். முள் மெல்ல நகரும் என்பதால் ஒவ்வொரு முறையும் சற்றுப் பொறுத்துத்தான் படிக்க வேண்டும்.

எர்த்தைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பலர் யூனிட்டை மாற்றிய பிறகும் முள் திருந்தாமல் தவிப்பது இதனால்தான். டேங்க் ரப்பர் பட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும், அல்லது புதிதாகப் பெயின்ட் அடிக்கப்பட்டிருக்கும், அல்லது போல்ட்டுகளைச் சுற்றித் துரு ஏறியிருக்கும். அந்த இடங்களில் கூடும் மின்தடை யூனிட்டின் மின்தடையோடு சேர்ந்து மீட்டருக்குப் போகிறது. 240–33 வகையில் இதன் விளைவு, உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டுவது. காலிக்கு 0, முழுமைக்கு 90 ஓம் என்று அமைந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார்களிலும், 10 முதல் 180 ஓம் வரை போகும் ஐரோப்பிய வகையிலும் நேர்மாறாக, இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். பின்னது ஆபத்தானது, முள்ளை நம்பிப் போகிறவர் நடுவழியில் நின்றுவிடுவார். யூனிட்டின் தகட்டிலிருந்து வண்டியின் உடலுக்கு ஒரு தனி எர்த் வயர் இழுப்பதே உறுதியான தீர்வு. சில சமயம் அது ஒன்றே முழு ரிப்பேராகவும் அமைந்துவிடும்.

இந்த எண்களில்தான் வாங்கும் முடிவே அடங்கியிருக்கிறது. எந்த நிறுவனத்தின் பொருள் என்பதைவிட, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ஓம் அளவு உங்கள் மீட்டருக்குப் பொருந்துகிறதா என்பதே முக்கியம். 240–33 யூனிட்டை 0–90 மீட்டரோடு இணைத்தால், காலி டேங்க்கை முழு டேங்க்காகக் காட்டும். 73 முதல் 10 ஓம் வரையிலான வகை பழைய ஃபோர்டு, கிரைஸ்லர் கார்களில் உண்டு. அவற்றுக்கு அந்த அளவிலேயே தனி யூனிட் வாங்க வேண்டும். நான் வாங்கிய யூனிட்டின் பெட்டியில் எண் தெளிவாகப் போட்டிருந்தது பாராட்டத்தக்கது. உள்ளே இருந்த ஒற்றைத் தாளில், எந்தக் காருக்கு எந்த எண் என்ற ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம்.

பழைய யூனிட்டை வெளியே எடுக்கும் வேலையை அவசரமில்லாத நாளில், காற்றோட்டமான திறந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டித் தேங்கி, தூரத்தில் இருக்கும் நெருப்பையும் தேடிப் போகும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும், யூனிட்டைப் பூட்டும் வளையம் இருந்தால் அதைத் தட்டித் திருப்பப் பித்தளைக் கம்பியையே பயன்படுத்த வேண்டும். பெட்ரோல் தீர்ந்த டேங்க்கில் ஆவி நிறைந்திருக்கும் என்பதால், காலி டேங்க் பாதுகாப்பானது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

எடுத்த யூனிட்டை உடனே தூக்கி எறியாமல் ஆராய்ந்து பார்ப்பது பயனுள்ளது. பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டினால், உள்ளே திரவம் அலம்பும் ஓசை கேட்கிறதா என்று தெரியும். பற்றுவைத்த இணைப்பில் மயிரிழை விரிசல் விழுந்து பெட்ரோல் புகுந்துவிட்டால் மிதவை மூழ்கி, முள் எப்போதும் காலியிலேயே கிடக்கும். அப்படியானால் மிதவையை மட்டும் மாற்றினால் போதும். மிதவை நன்றாக இருந்தால், மல்டிமீட்டரை இணைத்துக் கம்பியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நகர்த்த வேண்டும். மின்தடை சீராக மாற வேண்டும். இடையில் எண் தாவினாலோ மறைந்துவிட்டாலோ, உள்ளே சுற்றியிருக்கும் மின்தடைக் கம்பி தேய்ந்திருக்கிறது, அல்லது அதன்மேல் உரசிச் செல்லும் தொடுமுனையில் கறை படிந்திருக்கிறது. என் பழைய யூனிட்டில் பாதி அளவுக்கு மேல் எண் நிலைக்கவே இல்லை. அதன் பிறகுதான் புதியதை வாங்கினேன்.

இனி பொருளுக்கு வருகிறேன். மேல்தகட்டில் ஐந்து துளைகள் உள்ளன. அவற்றின் இடைவெளி சமமாக இல்லாததால் யூனிட் ஒரே ஒரு திசையில்தான் உட்காரும். மிதவை தவறான பக்கம் திரும்பி, டேங்க்கினுள் இருக்கும் தடுப்புத் தகட்டில் முட்டிக்கொள்வதை இந்த எளிய ஏற்பாடு தவிர்த்துவிடுகிறது. ஆனால் டேங்க்கிலும் அதே ஐந்து துளை அமைப்பு இருந்தாக வேண்டும்; திருகு வளையத்தால் பூட்டும் டேங்க்காக இருந்தால் தனியாக ஒரு அடாப்டர் தகடு தேவைப்படும்.

கம்பியின் நீளத்தை அமைக்கும் கட்டத்தில்தான் நிதானம் வேண்டும். யூனிட்டின் சுழல்முனை டேங்க் ஆழத்தின் நடுவே வர வேண்டும், மிதவை மேலும் கீழும் ஏறத்தாழ ஒரே அளவு ஊசலாட வேண்டும். தாளில் கொடுத்திருக்கும் அட்டவணை இதற்குப் போதுமானது, துல்லியமானதும் கூட. இருந்தாலும் கம்பியை வெட்டுவதற்கு முன், மரக்குச்சியை விட்டு டேங்க்கின் உண்மையான ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். அடிப்பகுதி நசுங்கிய பழைய டேங்க்கில் கையேட்டுக் கணக்கு செல்லுபடியாகாது. வெட்டிய பின், யூனிட்டை டேங்க்கில் வைக்காமலேயே வயரோடும் எர்த்தோடும் இணைத்து, மிதவையைக் கையால் நகர்த்தி முள் இரு எல்லைகளையும் தொடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். இதை டேங்க்கின் திறப்பிலிருந்து விலகி, திறப்பை மூடிவைத்துச் செய்வது அவசியம்.

ஓட்டத்தில் இதன் நடத்தை எனக்கு நிறைவளிக்கிறது. நிதானமாக நகரும் இருவுலோக மீட்டர், பெட்ரோலின் அலம்பலைத் தானே உள்வாங்கிக்கொள்வதால், வளைவுகளில் கூட முள் ஆடுவதில்லை. பாதி அளவில் முள் காட்டுவதற்கும் உண்மைக்கும் சற்று வேறுபாடு இருக்கிறது. டேங்க்கின் வடிவம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இல்லாததே காரணம், இதற்கு யூனிட்டைக் குறைசொல்ல முடியாது. கீழ் எல்லைதான் சரியாக இருக்க வேண்டும், அது சரியாகவே இருக்கிறது. உரசும் பாகம் இல்லாத நெடுங்குழாய் வகை யூனிட்டும் சந்தையில் உண்டு. தேய்மானம் குறைவு என்பது அதன் சிறப்பு. ஆனால் குழாயின் நீளத்தை வெட்டிச் சரிசெய்ய முடியாது, முள்ளும் சிறு சிறு படிகளாகவே நகரும். ஆழம் குறைந்த பழைய டேங்க்குக்குக் கம்பி வகையே பொருந்தும் என்பது என் கருத்து.

குறைகளில் பெரியது கூடவே வரும் தக்கை கேஸ்கெட். காய்ந்ததும் சுருங்கி, முழு டேங்க் நிரப்பும்போது பெட்ரோல் வாடை வரவிடும். நைட்ரைல் ரப்பர் கேஸ்கெட் வாங்கிப் போட்ட பிறகே என் காரில் வாடை நின்றது. திருகுகளின் மரை டேங்க்கின் உள்வரை போகிறது, ஆனால் கசிவைத் தடுக்கும் வாஷர்களைத் தயாரிப்பாளர் தரவில்லை. அங்கே சாதாரண சிலிக்கான் பூசக் கூடாது. பெட்ரோலில் அது ஊதிப் பிய்ந்துவிடும். இன்னொன்று, இந்த யூனிட்டில் ஒரே ஒரு முனைதான் இருக்கிறது. உங்கள் காரில் பெட்ரோல் குறையும்போது எரியும் எச்சரிக்கை விளக்கு டேங்க்கில் இரண்டாவது முனையைக் கொண்டு இயங்குவதாக இருந்தால், இதைப் பொருத்திய பின் அந்த விளக்கு எரியாது. அப்படிப்பட்டவர்கள் இரண்டு முனை உள்ள யூனிட்டையே தேடிப் பிடிக்க வேண்டும்.