வீட்டை விற்கும் முன் ஊரில் கழிந்த 22 நாட்கள்

அப்பா 1984-இல் மனை வாங்கிக் கட்டிய வீட்டை விற்பது என்று நாங்கள் மூவரும் முடிவு செய்த பிறகு, அதற்கான ஆவணங்களைச் சரிபார்ப்பதற்காகவே 2025 ஜனவரி 4 அன்று சிங்கப்பூரிலிருந்து ஊருக்குச் சென்றேன். ஊர், காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஒரு சிறிய நகராட்சி. அம்மாவுக்கு 74 வயதாகிறது. தனியாக மாடிப்படி ஏறி இறங்க முடியாத நிலையில், கோயம்புத்தூரில் தம்பி வீட்டோடு இருக்கச் சம்மதித்துவிட்டார். தங்கை நியூ ஜெர்சியில் இருக்கிறாள். விற்பனையை முடிக்க எனக்கு விடுப்பு போதாது என்பது தெரிந்ததுதான். ஆனால் தரகரிடம் வாய் திறப்பதற்கு முன்பே காகிதங்கள் அனைத்தும் கையில் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் முன்பணம் வாங்கிய பிறகு ஆவணக் குறை தெரியவந்து, வாங்குபவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் இரண்டு ஆண்டுகள் அவதிப்பட்டதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அம்மா பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துக் கொடுத்தார். கிரயப் பத்திரம், கட்டட அனுமதி வரைபடம், பழைய வரி ரசீதுகள், 2016-இல் அப்பா காலமான பிறகு வாங்கிய வாரிசுச் சான்றிதழ் எல்லாம் அதற்குள் இருந்தன. பத்திரம் நான்காக மடிக்கப்பட்டு நாற்பது ஆண்டுகளாக அப்படியே இருந்ததால், மடிப்புக் கோட்டில் எழுத்துகள் உதிர்ந்து, நான்கெல்லை விவரத்தில் "கிழக்கு" என்ற சொல்லுக்குப் பின் வரும் பெயர் படிக்க முடியாமல் போயிருந்தது. முதல் வேலையாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் கேட்டு விண்ணப்பித்தேன். எங்கள் பத்திரத்திலேயே மேற்கோள் காட்டப்பட்டிருந்த 1961-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கும் சேர்த்தே விண்ணப்பித்தேன். அப்பாவுக்கு விற்றவருக்குச் சொத்து எப்படி வந்தது என்பதைக் காட்டும் தாய்ப்பத்திரம் அதுதான். இரண்டு நகல்களும் நான்கு வேலை நாட்களில் கிடைத்துவிட்டன. பழைய தொகுதியைத் தேடி எடுத்த பெண் ஊழியர், பக்கம் கிழிந்துவிடாதபடி அடியில் ஓர் அட்டையை வைத்துப் புரட்டிய அக்கறை மனத்தில் நிற்கிறது.

சொத்தின் மீது நடந்த பதிவுகளைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே 1975 முதல் பார்க்கலாம் என்பதால், அதைச் சிங்கப்பூரிலிருந்தே எடுத்துப் பார்த்திருந்தேன். அதில் 1996-ஆம் ஆண்டு ஓர் அடமானம் இருந்தது. மாடி கட்டுவதற்காக அப்பா ஒரு கூட்டுறவு வங்கியில் வாங்கிய கடன் அது. கடனை 2005-இலேயே கட்டி முடித்துவிட்டார். கணக்கு முடிந்த கடிதமும் பையில் இருந்தது. ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை வங்கி எழுதிக் கொடுத்துப் பதிவு செய்யவில்லை. ஆகவே வில்லங்கத்தைப் பார்க்கும் எவருக்கும் வீடு இன்றும் அடமானத்தில் இருப்பதாகவே தெரியும். வங்கியில் பழைய பேரேட்டைத் தேடி, செயலாளர் பதிவுக்கு வந்து கையெழுத்திட ஏழு முறை நடக்க வேண்டியிருந்தது. கடன் முடிந்த அன்றே ரசீதைப் பதிவு செய்துவிட்டால் ஒரே நாளில் முடியும் வேலை இது. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் உள்ள சொத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது வில்லங்கம் போட்டுப் பார்ப்பது நல்லது என்று இதனால்தான் வற்புறுத்திச் சொல்கிறேன்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம், சட்டக் கருத்துரைக்காக வழக்கறிஞரிடம் கோப்பைக் கொடுத்த அன்று தெரிந்தது. அவர் வாரிசுச் சான்றிதழை ஒருமுறை படித்துவிட்டு, "உங்கள் அப்பா தவறியபோது உங்கள் பாட்டி உயிரோடு இருந்தாரா?" என்று கேட்டார். இருந்தார். சான்றிதழில் அம்மா, பாட்டி, நாங்கள் மூன்று பிள்ளைகள் என ஐந்து பெயர்கள் இருந்தன. பாட்டி 2018-இல் காலமாகிவிட்டதால், அந்தப் பெயரோடு இனி வேலை இல்லை என்றே நாங்கள் அனைவரும் எண்ணியிருந்தோம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஓர் ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மகன், மகள் ஆகியோரைப் போலவே தாயும் சம பங்குக்கு உரியவர். ஆக, அப்பாவின் வீட்டில் ஐந்தில் ஒரு பங்கு பாட்டிக்குச் சேர்ந்துவிட்டது. பாட்டியும் உயில் எழுதவில்லை. அவர் மறைந்தவுடன் அந்தப் பங்கு அவருடைய மகளான எங்கள் அத்தைக்குப் பாதியும், முன்னரே இறந்துவிட்ட மகனின் பிள்ளைகளான எங்களுக்குப் பாதியுமாகப் பிரிந்தது. கும்பகோணத்தில் இருக்கும் அத்தைக்கு எங்கள் வீட்டில் பத்தில் ஒரு பங்கு இருக்கிறது என்பது, இத்தனை ஆண்டுகளாக அத்தைக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அத்தையின் கையெழுத்து இல்லாமல் விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். பதிவு நடந்தாலும் நடந்திருக்கும். ஆனால் அத்தையோ அவருடைய வாரிசுகளோ பின்னொரு நாள் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், வாங்கியவர் எங்களை நீதிமன்றத்துக்கு இழுப்பார் என்றார் வழக்கறிஞர். வாங்குபவர் வங்கிக் கடன் கேட்டுப் போனால், வங்கியின் வழக்கறிஞர் முதல் பார்வையிலேயே இதைக் கண்டுபிடித்துவிடுவார் என்றும் சொன்னார். தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அத்தை தனியாக விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பது ஒரு வழி. கிரயப் பத்திரத்திலேயே எங்களோடு சேர்ந்து விற்பவர்களில் ஒருவராகக் கையெழுத்திடுவது இன்னொரு வழி. தனிப் பத்திரத்துக்கான செலவு இல்லாத இரண்டாவது வழியையே அவர் பரிந்துரைத்தார்.

பொங்கலை ஒட்டி 14 முதல் 19 வரை அரசு அலுவலகங்கள் மூடியிருந்ததால், காணும் பொங்கல் அன்று அம்மாவை அழைத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனோம். சுற்றி வளைக்காமல், கணக்கைத் தாளில் எழுதியே காட்டினேன். "அண்ணன் கட்டுன வீட்டுல எனக்கு என்னப்பா பங்கு? எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லு, வந்து போட்டுடுறேன்" என்றார். அம்மாதான், "அது மாமியாரு பங்கு, நீ வாங்கிக்கத்தான் வேணும்" என்று பிடிவாதமாக நின்றார். விற்பனைத் தொகையில் பத்தில் ஒரு பங்கு அத்தையின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகச் செல்வது என்று அங்கேயே முடிவாயிற்று. அத்தை நல்ல மனம் உள்ளவர் என்பதற்காக அவருடைய உரிமையைச் சொல்லாமல் மறைத்து ஒரு கையெழுத்து மட்டும் வாங்கியிருந்தால், அது அப்பாவுக்கே செய்யும் துரோகமாகியிருக்கும்.

இனிப் பாட்டிக்கென்று தனி வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தேன். பாட்டியின் இறப்புச் சான்றிதழில் பெயர் "லெட்சுமி" என்றும், குடும்ப அட்டையில் "லட்சுமி" என்றும் முடிந்ததால் விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. எங்கள் பக்கத்தில் இரண்டுமே வழக்கில் உள்ள எழுத்துமுறை. இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழி எழுதி இணைத்த பிறகு ஏற்றுக்கொண்டார்கள். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து, வட்டாட்சியர் ஒப்புதல் கொடுக்க வேண்டிய சான்று இது என்பதால், நான் கிளம்பும்வரை வரவில்லை. பிப்ரவரி நடுவில் தம்பி இணையத்திலேயே பதிவிறக்கிக்கொண்டான்.

பத்திரத்தில் மனை 40-க்கு 60, அதாவது 2,400 சதுர அடி. நகர நில அளவைப் பதிவேட்டு நகலில் 215 சதுர மீட்டர் என்றிருந்தது. அது ஏறத்தாழ 2,314 சதுர அடிதான். உரிமம் பெற்ற அளவர் ஒருவரை வைத்து அளந்தோம். சங்கிலியின் ஒரு முனையைத் தம்பி பின்புறக் கிணற்றடியில் பிடித்துக்கொள்ள, அளவர் வாசல்வரை இழுத்துக் காட்டியபோது, தெருவில் சாக்கடை கட்டிய காலத்தில் வாசல் திண்ணைக்கு முன்னால் இருந்த இடம் போய்விட்டது கண்ணுக்கே தெரிந்தது. இருக்கும் அளவையே சொல்லி விற்பது என்று தீர்மானித்தோம். பதிவேட்டில் அப்பா பெயரிலேயே இருந்த பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றவும், சொத்து வரி, மின் இணைப்பு ஆகியவற்றின் பெயர் மாற்றத்துக்கும் விண்ணப்பித்தேன். இந்த மூன்று விண்ணப்பங்களையும் இணையத்திலேயே எளிதாகக் கொடுக்க முடிந்தது.

நான் நேரில் இருந்ததால் என் சார்பில் விற்கத் தம்பிக்குப் பொது அதிகாரப் பத்திரத்தை, அதாவது பவரை, சார்பதிவாளர் முன்னிலையிலேயே பதிவு செய்துவிட்டேன். குடும்பத்தாரல்லாத ஒருவருக்கு விற்பனை அதிகாரம் கொடுத்தால், 2023 ஜூலை முதல் சொத்தின் சந்தை மதிப்பில் 1 சதவீதம் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டேன். தரகரோ நண்பரோ "எனக்குப் பவர் கொடுங்கள், நான் முடித்துத் தருகிறேன்" என்று சொல்வதை ஏற்காமலிருக்க இது ஒன்றே காரணமல்ல என்றாலும், இதுவும் ஒரு காரணம். தங்கை அங்கே இந்தியத் தூதரகம் வழியாகச் சான்றிட்டு அனுப்பும் பவர் பத்திரம், இந்தியாவுக்குள் வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். கிரயம் பதிவாகும்போது, பவர் கொடுத்தவர் உயிருடன் இருப்பதற்கான சான்று 30 நாட்களுக்குள் பெற்றதாக இருக்க வேண்டும். ஆகவே அதை இப்போதே வாங்கி வைத்துப் பயனில்லை.

வரி விஷயத்தில் ஆடிட்டரோடு ஒரு முழு மாலை உட்கார்ந்தேன். வெளிநாடு வாழ்பவர் விற்கும்போது, வாங்குபவர் அவருடைய பங்கின் இலாபத்துக்கு மட்டுமன்றி அந்தப் பங்குக்கான முழுத் தொகைக்கும் வரி பிடித்தம் செய்துவிடுவார். 2024 ஜூலை 23 முதல் நீண்ட கால மூலதன ஆதாயத்துக்கு, அதாவது நெடுங்காலம் வைத்திருந்த சொத்தை விற்பதில் வரும் இலாபத்துக்கு, வரி 12.5 சதவீதம். பணவீக்கத்தைக் கணக்கிட்டு 20 சதவீதம் கட்டும் பழைய வழி, அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடுகளுக்கு உள்நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டுமே விடப்பட்டிருக்கிறது. 1984-இல் வாங்கிய சொத்து என்பதால், 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்கி, வாங்கிய விலைக்குப் பதிலாக அதையே இலாபக் கணக்கின் அடிப்படை விலையாகக் காட்டலாம். அந்த அறிக்கையோடு விண்ணப்பித்து, குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை விற்பனைக்கு முன்னரே வருமான வரித் துறையில் பெற்றுவிட்டால், பெரிய தொகை திரும்பி வருமா என்று ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டாம். அதற்கு வாங்குபவரின் விவரமும் தேவை என்பதால், ஒப்பந்தத்துக்கும் கிரயத்துக்கும் இடையே போதிய கால அவகாசம் விட வேண்டும். அந்த ஒப்பந்தத்தையும் வெறும் முத்திரைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல் பதிவு செய்ய வேண்டும் என்பது தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் சட்டம்.

கடைசி மூன்று நாட்களை வீட்டுக்காகவே ஒதுக்கினோம். மாடியில் மழைநீர் கசிந்த இடத்தைப் பூசி, முன்பக்கம் மட்டும் வெள்ளையடித்தோம். முழு வீட்டையும் அடித்துப் புதுசாகக் காட்ட வேண்டாம், விரிசலை மறைத்ததாக வாங்குபவர் நினைப்பார் என்று கொத்தனார் சொன்னது சரியென்று பட்டது. அசல் ஆவணங்கள் அனைத்தும் தம்பியின் வங்கிப் பெட்டகத்தில் இருக்கின்றன. காட்டுவதற்கென்று ஐந்து ஜெராக்ஸ் கோப்புகள் தயாரித்து, ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காக "பார்வைக்கு மட்டும்" என்று எழுதினேன். ஆதார், பான் நகல்களை அவற்றில் சேர்க்கவில்லை.

தங்கையின் பவர் பத்திரம் மார்ச் முதல் வாரத்தில் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தது. தம்பி உறையின் மேலேயே வந்த தேதியை எழுதிப் படம் எடுத்து அனுப்பினான். பட்டா மாறி வந்தவுடன் தரகரிடம் சொல்லலாம் என்றிருக்கிறோம். கிரயம் எந்த மாதத்தில் வைத்தாலும் தனக்குப் பத்து நாள் முன்னதாகச் சொன்னால் போதும் என்று அத்தை சொல்லியிருக்கிறார்.