12 உறை கொண்ட பணக்கோப்பு: 11 மாதப் பயன்பாட்டுக்குப் பின்

மாதச் சம்பளத்தைச் செலவு வாரியாகப் பிரித்துத் தனித்தனிக் கவர்களில் போட்டு வைப்பது மிகப் பழைய பழக்கம். அதற்கென்றே அச்சிட்டு, வளையம் கோத்து, ஜிப் வைத்து விற்கப்படும் கோப்புதான் புதியது. சாதாரணக் காகிதக் கவர்களே போதும் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். கவர்கள் கிழிவதும், எதில் எவ்வளவு இருக்கிறது என்பது மறந்துபோவதும், அவசரத்துக்கு எடுத்த தொகைக்குக் கணக்கு நிற்காமல் போவதும் சலித்துப்போன பிறகுதான் இந்தக் கோப்பை வாங்கினேன். 11 மாதங்களாக அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தயாரிப்பாளரின் பெயரை நான் குறிப்பிடவில்லை. பலரும் ஏறக்குறைய ஒரே அமைப்பில் இதைச் செய்கிறார்கள். நான் சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை அந்த அமைப்புக்கே உரியவை.

பொருளின் தரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏ6 அளவு, அதாவது 105 மி.மீ. அகலமும் 148 மி.மீ. நீளமும் கொண்ட தாளை ஒட்டிய அளவு. அதைவிட நீளமான நோட்டுகளை மடித்துத்தான் வைக்க வேண்டும். உள்ளே 12 ஒளிபுகும் பிளாஸ்டிக் உறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு லேபிள், ஒரு பதிவு அட்டை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வழிகாட்டித் தாள். தினமும் திறக்கும் உறைக்கும் ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் உறைக்கும் ஒரே மெல்லிய ஜிப்பைத்தான் தைத்திருக்கிறார்கள். அன்றாடச் செலவுக்கான உறையின் ஜிப் நான்காம் மாதத்தில் பல் விட்டுவிட்டது. காப்பீட்டுக்கான உறை இன்னும் புத்தம் புதிதாக இருக்கிறது. நாணயங்களுக்கு இடமே இல்லை. சில்லறையைப் போட்டால் கோப்பு ஒரு பக்கம் புடைத்து வளையம் திறந்துகொள்கிறது. ஆகவே சில்லறைக்குத் தனி டப்பா வைத்துக்கொண்டேன்.

இந்தப் பொருளை வாங்கத் தகுந்ததாக்குவது பிளாஸ்டிக் உறையன்று, ஒவ்வோர் உறைக்குள்ளும் இருக்கும் அந்தப் பதிவு அட்டைதான். தேதி, காரணம், போட்டது, எடுத்தது, மீதி என்று ஐந்து கட்டங்கள். பணத்தை எடுக்கும்போதே எழுத வேண்டும் என்பது விதி. எழுதாமல் எடுக்க எந்தத் தடையும் இல்லை என்பதும் உண்மை. முதல் மாதம் நான் எழுதவில்லை. 19ஆம் தேதி அன்றாடச் செலவுக்கான உறை காலியானபோது, பணம் போன வழி தெரியாமல் அரை மணி நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் மாதம் முதல் ஒவ்வொரு முறையும் எழுதினேன். வியப்பு என்னவென்றால், அந்த மாதம் நான் எதையும் வலிந்து குறைக்கவில்லை; ஆயினும் உறை 26ஆம் தேதி வரை தாங்கியது. ‘காரணம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனா நின்ற இடங்களில் பணத்தைத் திரும்ப உள்ளே வைத்திருக்கிறேன். அவ்வளவுதான் நடந்தது.

இப்படிப் பிரித்து வைப்பது ஏன் வேலை செய்கிறது என்பதைப் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1985இல் எழுதிய ஒரு கட்டுரையில் விளக்கினார். அவருக்கு 2017இல் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசு கிடைத்தது. ஒரே பணம்தான் என்றாலும், மனிதர்கள் அதை மனத்துக்குள் பல கணக்குகளாகப் பிரித்து, ஒரு கணக்கின் பணத்தை இன்னொன்றுக்கு எடுக்கத் தயங்குகிறார்கள் என்பது அவர் கருத்தின் சாரம். அவர் இதற்கு இட்ட பெயரைத் தமிழில் மனக்கணக்கு எனலாம்; ஆனால் அப்படிச் சொன்னால் நாம் தாளில்லாமல் கூட்டிக் கழிப்பதைத்தான் நினைப்போம். இது வேறு, மனம் போட்டுக்கொள்ளும் பாத்தி என்று சொல்லலாம். அந்தப் பாத்தியைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்வதே இந்தக் கோப்பு.

ஆனால் பாத்திக்குப் பாத்தி நீர் கசியத்தான் செய்யும். போக்குவரத்துக்கான உறையில் பணம் தீர்ந்துவிட்டால் பக்கத்து உறையில் கை வைக்காமல் எப்படி இருப்பது? வழிகாட்டித் தாள் ‘எந்த நிலையிலும் மாற்றி எடுக்காதீர்கள்’ என்று மட்டும் சொல்கிறது. வாழ்க்கையில் ஒருமுறையாவது மாதக் கடைசியைப் பார்த்த ஒருவர் இப்படி எழுதியிருக்க மாட்டார். நான் கண்டுபிடித்த ஏற்பாடு எளியது. ஓர் உறையிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்தால், எடுத்த இடத்தில் ஒரு துண்டுச் சீட்டில் தொகையையும் தேதியையும் எழுதி வைத்துவிடுவேன். அடுத்த சம்பளத்தில் முதலில் அடைபடுவது அந்தச் சீட்டு. மூன்று மாதங்கள் தொடர்ந்து போக்குவரத்துக்கே சீட்டு விழுந்ததைப் பார்த்த பிறகு, குற்றம் என் கையில் இல்லை, நான் ஒதுக்கிய தொகையே போதவில்லை என்பது புரிந்தது. ஒதுக்கீட்டைத் திருத்தினேன், சீட்டும் நின்றது. திருத்தப்படாத பட்ஜெட், அது கோப்பில் இருந்தாலும் கணினியில் இருந்தாலும், ஒரு வேண்டுதல் மட்டுமே.

வழிகாட்டித் தாளின் இன்னோர் அறிவுரையையும் இங்கேயே பேசிவிடலாம். வருவாயில் 50 விழுக்காடு தேவைகளுக்கு, 30 விருப்பங்களுக்கு, 20 சேமிப்புக்கும் கடன் அடைப்பதற்கும் என்ற பங்கீட்டை அது பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. அமெரிக்கச் சட்டப் பேராசிரியராக இருந்து பின்னர் செனட் உறுப்பினரான எலிசபெத் வாரனும் அவருடைய மகளும் சேர்ந்து 2005இல் பரப்பிய பங்கீடு இது. நடுத்தர வருவாய்க்கு மேல் உள்ளவர்களுக்குத் தொடக்கப் புள்ளியாக இது உதவும். வாடகையும் மருந்தும் படிப்புச் செலவுமே வருவாயில் 70 விழுக்காட்டைத் தின்றுவிடும் குடும்பத்துக்கு, 20 விழுக்காடு சேமிக்கவில்லை என்ற குற்ற உணர்வைத்தான் இது தரும். அப்படிப்பட்டவர்கள் முதலில் இரண்டு மாதங்கள் எதையும் மாற்றாமல் அட்டையில் எழுதி மட்டும் வரட்டும். விழுக்காட்டை அந்த எழுத்திலிருந்து எடுப்பதுதான் முறை.

இனி, கோப்பு எனக்கு உண்மையிலேயே பயன்பட்ட இடம். பணம் கைக்கு நிற்காமல் போவதற்கு நாம் பெரும்பாலும் அன்றாடச் சிறு செலவுகளையே பழிக்கிறோம். என் அட்டைகள் வேறு கதையைச் சொல்லின. மாதந்தோறும் வராத, ஆனால் வந்தே தீரும் செலவுகள்தான் என்னை ஒவ்வோர் ஆண்டும் சாய்த்திருக்கின்றன: காப்பீட்டுத் தவணை, பள்ளிக் கட்டணம், வண்டிப் பழுது, நெருங்கியவர் வீட்டுத் திருமணம், பல் மருத்துவர். இவற்றை நாம் எதிர்பாராத செலவு என்கிறோம்; காப்பீட்டுத் தவணையின் தேதி ஓராண்டுக்கு முன்பே அச்சடித்து வந்திருக்கும். ஆகவே 12 உறைகளில் ஐந்தை இவற்றுக்கே ஒதுக்கினேன். கணக்கு எளிது. ஆண்டுக்கு 36 பங்கு பணம் தேவைப்படும் செலவுக்கு மாதம் 3 பங்கு போட்டு வர வேண்டும். தேதிக்கு நான்கு மாதங்களே இருக்கும்போது விழித்துக்கொண்டால் மாதம் 9 பங்கு. முதல் ஆண்டு வலிப்பது இதனால்தான். இந்த ஆண்டு பள்ளிக் கட்டணத்தைக் கடன் அட்டையைத் தொடாமல், யாரிடமும் கைமாற்று வாங்காமல் கட்டினேன். இந்த ஒரு காரணத்துக்காகவே கோப்பின் ஜிப்பை மன்னித்துவிட்டேன்.

கடன் அட்டையைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஓர் எச்சரிக்கை. உறைகளில் பணம் நிரம்பி இருப்பதைப் பார்க்கும் மகிழ்ச்சியில், வெளியே வட்டி ஓடிக்கொண்டிருப்பதை மறந்துவிடுவது எளிது. மாதம் 3 விழுக்காடு வட்டி உள்ள ஒரு பாக்கி, அடைக்காமல் விட்டால், வட்டிக்கு வட்டி சேர்ந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 42.6 விழுக்காடு வளரும். அத்தகைய பாக்கியை வைத்துக்கொண்டு விருப்பச் செலவுக்கான உறையில் பணம் சேர்ப்பது, ஓட்டைப் பானையில் நீர் பிடிக்கும் வேலை. வழிகாட்டித் தாள் 20 விழுக்காட்டுக்குள் கடனையும் சேர்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. கடனுக்கென்று ஓர் உறைகூட அச்சிடப்படவில்லை. வெற்று லேபிள் ஒன்றில் நானே ‘பாக்கி’ என்று எழுதி முதல் வளையத்தில் கோத்தேன்.

நீண்ட கால இலக்குகளுக்கு இந்தக் கோப்பை நான் பரிந்துரைக்கமாட்டேன். விளம்பரம் சொல்வதற்கு நேர் எதிரான முடிவு என்பதால் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பழைய மடிக்கணினியை மாற்றுவதற்காக ஓர் உறை வைத்தேன். ஏழாம் மாதம் வரை அது நன்றாக வளர்ந்தது. வளர வளர, மற்ற உறைகள் அதனிடமே கடன் கேட்டன. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பெரிய தொகை எல்லா அவசரங்களுக்கும் பதிலாகத் தோன்றுவது இயல்பு. திலீப் சோமன், அமர் சீமா என்ற இரு ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சேமிப்புக்கான பணத்தை உறையில் ஒதுக்கிக் கொடுத்தபோது, ஒரே உறையைவிட இரண்டாகப் பிரித்த உறைகளும், பிள்ளைகளின் படம் ஒட்டிய உறைகளும் பணத்தை அதிகம் காத்தன. இதைப் படித்துவிட்டு நானும் மடிக்கணினியின் படத்தை ஒட்டினேன். பிள்ளையின் முகத்துக்கு உள்ள வலிமை மடிக்கணினியின் முகத்துக்கு இல்லை.

பிலிப்பைன்ஸில் நவா அஷ்ரஃப், டீன் கார்லன், வெஸ்லி யின் ஆகியோர் ஒரு வங்கியுடன் சேர்ந்து நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடப் பயனுள்ளது. வாடிக்கையாளர் தாமே குறித்த தேதி வரையோ தொகை வரையோ பணத்தை எடுக்க முடியாத கணக்கு அங்கே அறிமுகப்படுத்தப்பட்டது. அது வழங்கப்பட்டவர்களில் 28 விழுக்காட்டினர் அதை ஏற்றனர். ஓராண்டுக்குப் பின், அந்த வாய்ப்பு வழங்கப்பட்ட குழுவினரின் சேமிப்பு, வழங்கப்படாதவர்களோடு ஒப்பிட 81 விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்திருந்தது. விரும்பியவர்களுக்குப் பூட்டுள்ள உண்டியலும் கிடைத்தது. அதன் சாவி வங்கியிடம் இருக்கும். என் கோப்பில் இல்லாதது அந்தச் சாவி ஏற்பாடுதான். எட்டாம் மாதம் மடிக்கணினிப் பணத்தை அப்படியே வங்கியில் குறித்த காலத்துக்கு எடுக்க இயலாத வைப்பாக மாற்றி, சம்பளம் வரும் நாளிலேயே மாதத் தொகை தானாகப் போகும்படி செய்துவிட்டேன். உறைக்குள் இப்போது அந்தக் கணக்கின் மீதியை எழுதும் அட்டை மட்டும் இருக்கிறது. வட்டியும் ஒரு காரணம். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் பிளாஸ்டிக் உறைக்குள் படுத்திருக்கும் பணத்தின் வாங்கும் வலிமை ஏறக்குறைய 12 ஆண்டுகளில் பாதியாகிவிடும். ஒரு மாதத்துக்கான பணத்துக்கு இது பொருட்டே இல்லை. பல ஆண்டு இலக்குக்கு இதுவே பெரும் இழப்பு. தீவிபத்து, திருட்டு ஆகியவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கைப்பேசியிலேயே எல்லாவற்றையும் செலுத்துபவர்களுக்கு இந்தக் கோப்பு தேவையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ரொக்கத்துக்கு மாறத் தயாராக இருந்தால் மட்டுமே தேவை என்றேன். டிராசன் பிரெலெக்கும் டங்கன் சிமெஸ்டரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கூடைப்பந்துப் போட்டிக்கான சீட்டுகளை மற்றவர் கேட்கும் விலை தெரியாத மறைமுக ஏலத்தில் கேட்டவர்களில், கடன் அட்டையில் செலுத்தலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கம் தர வேண்டியவர்களைப் போலச் சராசரியாக ஏறக்குறைய இரு மடங்கு விலை கேட்டார்கள். நோட்டு கையை விட்டுப் போவது உறுத்துகிறது. அந்த உறுத்தலைத்தான் நாம் இந்தக் கோப்பின் மூலம் வாங்குகிறோம். நான் பாதி வழியில் நிற்கிறேன்: வாடகையும் கட்டணங்களும் வங்கி வழியாகப் போகின்றன, அன்றாடச் செலவும் விருப்பச் செலவும் மட்டும் ரொக்கம். கைப்பேசியில் தப்பித்தவறிச் செலுத்திவிட்டால், அதே தொகையை உறையிலிருந்து எடுத்துத் தனியே வைத்து, வாரக் கடைசியில் வங்கியில் போடுகிறேன். தொல்லை பிடித்த வேலைதான். அந்தத் தொல்லைக்குப் பயந்தே கைப்பேசியை எடுக்காமல் விட்ட நாள்களும் உண்டு.

இருவர் சேர்ந்து நடத்தும் வீட்டில் இது எப்படி இருக்கும் என்பதற்கு, என் துணைவர் அட்டையில் எழுத மறுத்த இரண்டு மாதங்களே சாட்சி. ஒவ்வொருவருக்கும் கணக்குக் கேட்கப்படாத ஓர் உறை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் மற்ற அட்டைகள் நிரம்பத் தொடங்கின. வழிகாட்டித் தாளில் இல்லாத விதிகளில் இதுவே எங்களுக்கு மிகவும் உதவியது.

கோப்பையே வாங்காமல் ஐந்து காகிதக் கவர்களையும் ஒரு குயர் நோட்டையும் கொண்டு இதே முறையைத் தொடங்கலாம்; மூன்று மாதங்கள் தாண்டினால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். வாங்குபவர்கள் 12 உறைகளையும் முதல் நாளே நிரப்ப முயல வேண்டாம். என் கோப்பில் இப்போது ஒன்பது உறைகள் பயன்பாட்டில் இருக்கின்றன. மூன்றைக் கழற்றி வைத்திருக்கிறேன், அன்றாடச் செலவுக்கான அடுத்த ஜிப் போகும்போது மாற்றிக்கொள்ள.