மட்கார்டின் வெள்ளை வால்: ஆக்சாலிக் ஆசிட்டோடு மூன்று வருஷம்

கரூரிலிருந்து மச்சான் போன் செய்தான். மாமனார் வீட்டு மாட்டுக்கொட்டகையிலிருந்து ஒரு பழைய ஹெர்குலிஸ் சைக்கிளை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறானாம். "நீ என்னமோ பவுடர்ல ஊற வச்சியே, எத்தனை நாள் வைக்கணும்?" கேட்டது ஒரு வரிதான். நான் அரை மணி நேரம் புலம்பியதில் பாதியில் ஏதோ சாக்குச் சொல்லி வைத்துவிட்டான். மீதிப் பாதி இது.

எங்களுடையது தாத்தாவின் ராலே சைக்கிள். எங்கள் வீட்டில் இன்னும் 'ராலி'தான். முன்பக்கத் தகட்டில் நாரைத் தலை, கீழே நாட்டிங்காம் என்ற இங்கிலாந்து ஊர்ப்பெயர். கம்பி பிரேக், 28 இஞ்ச் சக்கரம், கறுப்பு எனாமல். தாத்தா போனபின் நாகப்பட்டினத்து வீட்டுத் திண்ணையோரம் இருபது வருஷத்துக்கு மேல் கடல்காற்றைத் தின்றுகொண்டு நின்றது. சைக்கிள் கடை அண்ணன் பார்த்ததும், "உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு ஸ்ப்ரே அடிச்சா மாப்பிள்ளை மாதிரி ஆயிரும் சார்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் எனக்கு வேண்டியது மாப்பிள்ளை இல்லை, தாத்தா. அந்தக் கறுப்பு சூளையில் சுட்டு ஏற்றியது. அதன்மேல் ஓடும் தங்கக் கோடுகள் தூரிகை பிடித்துக் கையால் இழுத்தவை. உப்புத்தாளில் இரண்டு இழுப்பு, கோடு காணாமல் போய்விடும்.

பெயின்ட்டை விட்டுவிட்டுத் துருவை மட்டும் கரைக்கிற ஆக்சாலிக் ஆசிட் பவுடரை எனக்குக் காட்டியவர் எங்கள் வீட்டு மொசைக் தரைக்கு பாலிஷ் போட வந்தவர். கடைசிக் கைக்கு அவர்கள் தரையில் தூவித் தேய்ப்பது இதைத்தான். கெமிக்கல் கடையில் ஒரு கிலோ வாங்கினேன். பார்க்கச் சர்க்கரை மாதிரி இருக்கும், ஆனால் விஷம். கையுறை இல்லாமல் தொடாதே, தூசியை மூச்சில் இழுக்காதே, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வை.

சும்மா சொல்லக்கூடாது, அது செய்த வேலை அபாரம். முதலில் மண்ணெண்ணெயில் பழைய கிரீஸ் அழுக்கை எடுத்தேன். 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் பவுடர். ஃபிரேம் எந்தத் தொட்டியிலும் அடங்காததால் பழைய வேட்டித் துணியைக் கரைசலில் நனைத்துச் சுற்றி, மேலே பாலிதீன் கட்டினேன். மறுநாள் பிரித்தால் துரு இருந்த இடத்தில் சாம்பல் நிற இரும்பு, பக்கத்திலேயே பெயின்ட் ஒரு கீறல்கூட இல்லாமல். பழுப்புக்கு அடியிலிருந்து தங்கக் கோடு மயிரிழையாய் எட்டிப் பார்த்தது. ரிம்மைத் துடைத்தபோது இன்னும் ஆச்சரியம். கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மை உள்பக்கத்திலிருந்து இரண்டு ஓரத்திலும்தான் அழுத்தும், நடுவைத் தொடாது. அத்தனை வருஷம் மிதித்தும் நடுப்பட்டையின் கறுப்பும் கோடும் அப்படியே இருந்தன.

செயின் சக்கரத்துக்கு ஆசிட்டே தேவைப்படவில்லை. சாப்பாடு மடிக்கிற அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் தொட்டுத் தேய்த்தால் போதும். சக்கரத்தின் குரோம் பூச்சை விட அலுமினியம் மெத்து, கீறாது. கறுத்த குழம்பு வழிய வழிய, வட்டத்துக்குள் வெட்டியிருந்த மூன்று நாரைத் தலைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மாவை எழுப்பிக் காட்டினேன். திட்டு வாங்கினேன்.

இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

அந்தக் காலத்து இங்கிலாந்து சைக்கிள்களில் பின் மட்கார்டின் வாலில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை அடித்திருக்கும். இருட்டில் பின்னால் வருகிறவன் கண்ணில் படுவதற்காக அங்கே சட்டமே அப்படி. மட்கார்டைத் தனியே கழற்றி, பிள்ளைகள் குளிக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் கரைசல் ஊற்றி முக்கினேன். வெயிலில் சூடேறினால் சீக்கிரம் வேலை முடியுமே என்று தொட்டியை மொட்டை மாடியில் வைத்தேன். பெரிய புத்திசாலி.

துரு இந்த ஆசிட்டில் கரைந்தால் தண்ணீர் இளம்பச்சையாகும். அந்தக் கரைசலுக்கு வெளிச்சம் ஆகாது. வெயில் பட்டால் கரைந்திருந்த இரும்பு மஞ்சள் பொடியாகப் பிரிந்து அடியில் படியும், பிறகு தண்ணீரில் கரையவே கரையாது. கறுப்பு எனாமலில் படிந்ததைத் துணியால் துடைத்துவிடலாம். ஆனால் அந்த வெள்ளை வயதாகிச் சுண்ணாம்பு மாதிரி பொரிந்திருந்தது. மஞ்சள் உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது.

சோப்பு, சீயக்காய், சமையல் சோடா, எதற்கும் அசையவில்லை. பற்பசை போட்டுத் தேய்த்ததில் மஞ்சள் இருந்தது, வெள்ளைதான் ஓரிடத்தில் போய் உலோகம் தெரிந்தது. அதோடு கையை எடுத்துவிட்டேன். "போன ஆயுத பூஜைச் சந்தனத்தையே நீ இன்னும் கழுவலையா?" என்று அத்தை மூன்று வருஷமாக வருஷம் தவறாமல் கேட்கிறார். இரண்டு சக்கரமும் நாரையும் தங்கக் கோடும் யார் கண்ணிலும் படுவதில்லை. என் கண்ணிலும்தான். சைக்கிளை நிறுத்திவிட்டுத் திரும்பினால் எனக்கு வால்தான் தெரிகிறது.

தண்ணீரிலும் ஒரு கோட்டை விட்டேன். எங்கள் போர் தண்ணீர் கடும் உப்பு, சுண்ணாம்புச் சத்து வேறு. பவுடரைப் போட்டதும் பால் மாதிரி வெளுத்தது. அது கால்சியம் ஆக்சலேட், கிட்னியில் கல்லாக நிற்கிறதே, பெரும்பாலும் அதே சரக்கு. பவுடரில் ஒரு பங்கு அதிலேயே வீணானது. அடுத்த முறை மழைத்தண்ணீர் பிடித்துக் கரைத்தேன், கண்ணாடி மாதிரி நின்றது.

துரு ஒரேயடியாகப் போய்விடும் என்றும் நினைக்காதே. கடல் உப்பு இரும்பின் குழிகளுக்குள் ஒளிந்திருக்கும். முதல் ஐப்பசி மழையிலேயே பெடலுக்கு மேலே செம்புள்ளி தலைகாட்டியது. ஊற வைத்து எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, அந்த நிமிஷமே துடைத்துக் காயவைத்து எண்ணெய் பூசு. அரை மணி விட்டால் கண்ணெதிரே ஆரஞ்சாகும். நான் இப்போது மழைக்கு முன் ஒருமுறை, மழை விட்டபின் ஒருமுறை தையல் மிஷின் எண்ணெய் தடவுகிறேன். எண்ணெயில் தூசி அப்பும், ஞாயிற்றுக்கிழமை காலை அதற்குப் போகும்.

ஆக, மச்சான், நீ கேட்டதற்குப் பதில்: நாள் கணக்கே வேண்டாம். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார், ஒரு ராத்திரிக்கு மேல் விடாதே. நிழலில் வை. முதலில் மட்கார்டின் அடிப்பக்கம், கண்ணில் படாத இடத்தில் ஒரு விரலளவு சோதித்துப் பார். கால்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) போட்ட ஸ்போக்ஸ், அலுமினியச் சாமான், பால்ரஸ் எதையும் முக்காதே. உன் வண்டியில் வெள்ளை வால் இருந்தால் அந்தப் பக்கமே ஆசிட்டைக் கொண்டுபோகாதே, எண்ணெயும் பழந்துணியும் போதும்.

என்னைக் கேட்டால் அந்தப் பவுடரையே வாங்காதே என்பேன். கரூரில் கடல்காற்றா அடிக்கிறது? மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு ஓட்டு. இத்தனை சொன்ன பிறகும் நீ கேட்கப் போவதில்லை என்று தெரியும். என்னிடம் அரைக் கிலோ மிச்சம் இருக்கிறது, தீபாவளிக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ.