இரும்புக் குவாலியில் பச்சைக் காய்கறி: சில ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகு

சோறு குக்கரில் தயார். நேற்று வைத்த மீன் குழம்பு சூடாகிக்கொண்டிருக்கிறது. இனிப் பச்சையாக ஒரு தொடுகறி மட்டும் வேண்டும். வேலைக்குப் போய்த் திரும்பும் வீடுகளில் பெரும்பாலான மாலைகள் இப்படித்தான். அந்தத் தொடுகறிக்கென்றே நான் வைத்திருக்கும் சட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். கார்பன் ஸ்டீல் குவாலி, அதாவது குழிந்த சீன வாணலி. 14 அங்குல வாய், தட்டையான அடி, ஒற்றை மரக் கைப்பிடி. சிங்கப்பூர் சைனாடவுனில் உணவகக்காரர்களுக்குப் பாத்திரம் விற்கும் ஒரு கடையில் 50 வெள்ளிக்கும் குறைவாக வாங்கினேன். முத்திரையோ பெயரோ அதில் இல்லை என்பதால் எந்த நிறுவனத்துக்கும் இது பரிந்துரை ஆகாது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீரை, பீன்ஸ், கைலான் என்னும் சீனக் கீரை வகையறாக்களுக்கு இதற்கு ஈடான பாத்திரம் என் அடுப்படியில் இல்லை. சாம்பாருக்கும் குழம்புக்கும் இது தேவையே இல்லை. அவற்றை இதில் வைத்தால் சட்டிதான் கெடும்.

முன்பு எங்கள் வீட்டில் ஒட்டாச் சட்டிதான் புழங்கியது. தோசைக்கும் முட்டைக்கும் அது இன்றும் இருக்கிறது. ஆனால் அதன் டெஃப்லான் பூச்சு சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். வெறும் சட்டியைப் பெருந்தீயில் வைத்தால் சில நிமிடங்களிலேயே அந்த எல்லை வந்துவிடும். அதற்குப் பயந்து நடுத்தீயில் கீரையைப் போடுகிறோம். கீரை தண்ணீர் விடுகிறது, வதங்க வேண்டியது அவிந்துபோகிறது. அடியில் பச்சைத் தண்ணீர், மேலே சோர்ந்த இலை. அதைத் தட்டில் வைத்தால் பிள்ளைகள் ஓரமாக ஒதுக்கிவைப்பதில் வியப்பில்லை.

இரும்புக்கு அந்தப் பயம் கிடையாது. புகையும்வரை காயவிடலாம். கார்பன் ஸ்டீல் என்பது ஏறக்குறைய முழுக்க இரும்பேதான். கார்பன் ஒரு சதவீத அளவில் இருக்கும். வார்ப்பிரும்பில் அது இரண்டு முதல் நான்கு சதவீதம் வரை இருப்பதால் தகடு நொறுங்கும் தன்மை கொண்டது, ஆகவே தடிமனாக வார்க்கிறார்கள். கார்பன் ஸ்டீல் மெல்லிய தகடாக அடிபடும். சீக்கிரம் சூடேறும், தீயைக் குறைத்தால் சீக்கிரம் தணியும். கீரைக்கு வேண்டியது இந்தச் சுறுசுறுப்புதான். ஊரிலிருந்து அத்தை கொண்டுவந்த வார்ப்பிரும்புச் சட்டி ஒன்று இருக்கிறது. வத்தக்குழம்புக்குச் சுண்டைக்காய் வறுக்க அதை மிஞ்ச முடியாது. ஆனால் அது காய்வதற்குள் என் கீரை மேசைக்கு வந்துவிடும்.

புதுச் சட்டியைப் பழக்குவது ஒரு வேலைதான். ஆலையிலிருந்து வரும்போது துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதைச் சோப்பும் கம்பி நாரும் கொண்டு தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு பெருந்தீயில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினால் சாம்பல் நிறம் நீலமாக மாறும். மயில் கழுத்து நிறம் என்று எங்கள் வீட்டில் சொன்னோம். அந்தச் சூட்டில் துணியால் எண்ணெயை மெல்லப் பூசித் துடைத்துவிட வேண்டும். பூசியது கண்ணுக்குத் தெரியக்கூடாது. எண்ணெய் அதிகமானால் கறுப்புப் படலத்துக்குப் பதில் பிசுபிசுப்புத்தான் மிஞ்சும். இதை நாலைந்து முறை செய்தால் அடித்தளம் விழுந்துவிடும். மீதியை அன்றாடச் சமையல் பார்த்துக்கொள்ளும். 2018 ஜூன் மாதத்திலிருந்து சிங்கப்பூரில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருப்பவர்கள் சட்டியைப் பழக்கும் நாளில் சமையலறைக் கதவை மூடி, ஜன்னலையெல்லாம் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கருவி அலறிய அலறலில் எதிர்வீட்டு மாக்சிக், அந்த மலாய் அம்மா, வாசலுக்கே வந்துவிட்டார்.

இனி சமையலுக்கு வருகிறேன். என்னுடைய முறையில் ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது மசாலாவில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது. அறை வெப்பத்தில் இருக்கும் தண்ணீரைக் கொதிக்கவைக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைப்போல் ஏழு மடங்குக்கும் மேல் வேண்டும் அதே தண்ணீரை ஆவியாக்க. கழுவிய கீரையைச் சொட்டச் சொட்டச் சட்டியில் போட்டால் அடுப்பின் பலமெல்லாம் அந்தச் சொட்டுகளை விரட்டுவதிலேயே போய்விடுகிறது. உணவங்காடி நிலையத்தின் சீச்சார் (கேட்டதும் சமைத்துத் தரும் சீன உணவு) கடைக்காரருக்கு அது பொருட்டில்லை. அவர் அடுப்பின் தீ வேறு ரகம். நம் வீட்டு அடுப்புக்கு அந்தப் பலம் கிடையாது. ஆகவே வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கீரையைக் கழுவி, வடிகூடையில் உதறி, விசிறிக்கு நேரே வைத்துவிடுகிறேன். குளித்துவிட்டு வருவதற்குள் இலை காய்ந்திருக்கும்.

கங்கோங்கை, அதாவது வள்ளல் கீரையை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டு மூன்று பேருக்குச் சரியாக இருக்கும். நான்கு பேர் என்றால் இரண்டு கட்டு வாங்கி இரண்டு தடவையாகப் பிரட்டுங்கள். இரண்டையும் சேர்த்துக் குவித்தால் சட்டி அடங்கிவிடும். தண்டைத் தனியே, இலையைத் தனியே ஒடித்து வைக்க வேண்டும். தண்டு உள்ளே குழலாக இருப்பதால் அதற்குள் தண்ணீர் ஒளிந்துகொள்ளும். ஒரு பிடி தண்டை எடுத்துச் செங்குத்தாகப் பிடித்து உதறினால் எவ்வளவு கொட்டுகிறது என்று பாருங்கள். சட்டி காய்ந்து லேசாகப் புகை கிளம்பும்போது இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். தட்டிய பூண்டு ஐந்து பல்லும், சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், ஒரு துண்டு பெலாச்சான் (புளித்த இறால் விழுது) ஆகியவற்றைச் சேர்த்து இடித்த விழுதும் அதில் விழ வேண்டும். இந்த இடத்தில் மட்டும் தீயைக் குறைக்க வேண்டும். பூண்டு பொன்னிறத்திலிருந்து கசப்புக்குப் போக அதிக நேரம் பிடிக்காது. விழுதின் பச்சை வாடை போய் எண்ணெய் ஓரத்தில் பிரிந்ததும் தீயை முழுக்க ஏற்றித் தண்டைப் போடுங்கள். ‘சொய்ங்’ என்ற அந்தச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் அடங்கினால் தண்ணீர் தேங்குகிறது என்று பொருள். நடுவிலிருப்பதை ஓரத்துக்கு ஏற்றி நடுவை மறுபடி காயவிடலாம். தண்டு அரை நிமிடத்துக்குமேல் பிரண்டதும் இலையைப் போட்டு இரண்டு மூன்று முறை புரட்டி, உப்புத் தூவி, இலை பாதி சோர்ந்திருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். மீதியைத் தட்டிலிருக்கும் சூடே முடித்துவிடும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலையின் பச்சையத்துக்கு நடுவில் ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அது கழன்றுவிடும். பச்சை, பாசி படிந்த பழுப்பாக மாறும். கீரையிலிருந்தே கொஞ்சம் அமிலம் ஆவியோடு வெளியேறும். மூடிபோட்டால் அது உள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் நான் மூடி போடுவதில்லை. எலுமிச்சையோ கசமுத்திக்காயோ பிழிவதென்றால் தட்டுக்கு வந்த பிறகு பிழிவதே நல்லது. இரும்புக்கும் புளிப்பு ஆகாது என்பதால் இரண்டு காரியமும் ஒன்றாகவே முடிகிறது.

எல்லாப் பச்சையும் இந்தச் சட்டிக்கு ஒத்துவருவதில்லை. கைலான் அருமையாக வரும். தண்டின் தோலைச் சீவிச் சாய்வாக நறுக்கி, சீரகமும் இஞ்சியும் தாளித்து, கடைசியில் ஒரு சிட்டிகைச் சீனி போட்டால் அதன் இலேசான கசப்பே சுவையாகிவிடும். சிறகவரையைத் தாள் போல மெல்லியதாக அரிந்து நெத்திலியோடு பிரட்டினால் எங்கள் வீட்டில் குழம்பைக்கூட யாரும் கேட்பதில்லை. பயற்றங்காய்க்கு நம்முடைய கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலைத் தாளிப்புத்தான் சரி. முதலில் எண்ணெயே இல்லாமல் காய்ந்த சட்டியில் தோல் அங்கங்கே கருகும்வரை வாட்டிவிட்டுப் பிறகு தாளித்துப் பாருங்கள். தேங்காய்ப்பூ தூவாமலே மணக்கும். சாய் சிம் என்னும் சீனக் கீரை மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. எவ்வளவு உதறினாலும் அதன் உடம்பே தண்ணீர்தான். அதை நான் சூப்பில் போடுவதோடு சரி.

சாயோர் மானிஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். தவசிக்கீரை என்று ஊரில் சொல்வது இதைத்தான். தேக்கா ஈரச்சந்தையில் பெரிய கட்டாகக் கிடைக்கும். இலையை உருவிக் கையால் கசக்கி, பூண்டோடு வதக்கி, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் கோழி இல்லாத நாளின் குறை தெரியாது. ஆனால் நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும். 1990-களின் நடுப்பகுதியில் தைவானில் உடல் இளைக்கவென்று இதைப் பச்சையாகச் சாறெடுத்துக் குடித்தவர்கள் பலருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. எதையும் பச்சையாக அரைத்துக் குடிக்கச் சொல்லும் வாட்ஸ்அப் வைத்தியர்கள் இதைப் படித்தால் நல்லது.

அத்தைக்கு இந்தக் கறகறப்பு இன்றும் உடன்பாடில்லை. “கீரை என்றால் மசிய வேண்டும் தம்பி, மாடு மேய்கிற மாதிரி மென்றுகொண்டிருக்கக் கூடாது” என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முளைக்கீரைக்கும் அரைக்கீரைக்கும் மண்சட்டியும் மத்தும்தான் பொருத்தம். அவற்றை நான் குவாலிக்குக் கொண்டுபோவதே இல்லை. அவருக்கென்று கங்கோங் இலையை மட்டும் இன்னொரு நிமிடம் கூடுதலாக வதக்கி எடுத்துவைப்பதோடு வழக்கு முடிந்துவிடும்.

அவருடைய இன்னொரு ஆட்சேபணைக்குத்தான் என்னிடம் பதிலில்லை. பழகிய இரும்பு வாசனையை விடாது. பெலாச்சான் பிரட்டிய சட்டியை எவ்வளவு கழுவினாலும், சூடேறும்போது மெல்லிய கடல் வாடை ஒன்று எழும். உப்பைப் போட்டு வறுத்துத் துடைத்தால் குறையுமே தவிர முழுக்கப் போகாது. புரட்டாசி மாதத்திலும் வெள்ளிக்கிழமைகளிலும் சைவம் சமைக்கும் வீட்டுக்கு இது பெரிய குறை. அந்த நாள்களில் அத்தையின் வார்ப்பிரும்புச் சட்டிதான் அடுப்பேறும். மரக்கறி மட்டுமே உண்பவர்கள் வீட்டில் இந்தச் சிக்கல் வராது. இரண்டும் சமைப்பவர்கள் சைவத்துக்கு ஒன்று, அசைவத்துக்கு ஒன்று என்று திட்டமிட்டே வாங்குவது நல்லது.

பராமரிப்பு பெரிய விஷயமில்லை. ஆனால் தள்ளிப்போட முடியாது. சாப்பிட உட்காரும் முன்பே வெந்நீரும் மென்மையான நாரும் கொண்டு கழுவி, அடுப்பில் வைத்து உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்கிறேன். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் தண்ணீரோடு கவிழ்த்துவைத்த சட்டி விடிவதற்குள் செம்புள்ளி கண்டுவிடும். உதவிக்கு இருக்கும் பணிப்பெண்ணிடமும் பிள்ளைகளிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். எங்கள் சட்டி ஒருமுறை பாத்திரம் கழுவும் தொட்டியில் இரவு முழுக்க ஊறி, மறுநாள் பழையபடி கம்பி நாரிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. தக்காளித் தொக்கு வைத்தாலும் கறுப்புப் படலம் திட்டுத்திட்டாக உரியும். உரிந்தாலும் பதற வேண்டாம். மறுபடி பழக்கினால் வந்துவிடும். டெஃப்லான் உரிந்தால் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

மற்றபடி சில்லறைக் குறைகள். கைப்பிடியின் திருகு சூட்டில் தளரும்; அவ்வப்போது முடுக்க வேண்டும். மரம் ஓரத்தில் கருகியிருக்கிறது. மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு எடை கூடுதலாகத் தெரியும். எதிர்ப்பக்கம் சின்னக் காது வைத்த சட்டியாகப் பார்த்து வாங்கலாம். மின்காந்த (இண்டக்‌ஷன்) அடுப்பு வைத்திருப்பவர்களும் தட்டை அடியுள்ளதைப் பயன்படுத்தலாம். ஆனால் சட்டியை அடுப்பிலிருந்து தூக்கினால் சூடு நின்றுவிடும் என்பதால் குலுக்கிப் புரட்டும் வேலை நடக்காது, கரண்டியால்தான் கிளற வேண்டும். வெறும் சட்டியை உச்சச் சூட்டுக்கு ஒரேயடியாக ஏற்றினால் தட்டை அடி புடைத்துக்கொள்ளவும் கூடும். நடுத்தரச் சூட்டில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவது பாதுகாப்பு.

வாரத்துக்கு ஒருமுறைதான் அடுப்புப் பற்றவைப்பேன் என்பவர்களுக்கு இந்தச் சட்டி வேண்டாம். புழங்காத இரும்பு துருத்தான் பிடிக்கும். வாங்குவதென்று முடிவு செய்தவர்கள் கடையில் சட்டியைத் தட்டையான மேசைமேல் வைத்து ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு, கூடவே இரும்புச் சட்டுவம் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கரண்டி அந்தச் சூட்டுக்குத் தாங்காது.