மூன்று வருடம், மூன்று இன்வெர்ட்டர், ஐந்து ஃபேன்

ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கூப்பிட்டார். "அண்ணே, நீங்க வச்சிருக்கிற அதே அஞ்சு கிலோவாட் இன்வெர்ட்டர் இப்போ பாதி விலைக்கு வருது. எடுக்கலாமா?" போனில் ஒரு வார்த்தையில் சொல்ல வரவில்லை. உட்கார்ந்து எழுதுகிறேன்.

2022 பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரே பில்லில் மூன்று வாங்கினோம். ஒன்று டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்கு, ஒன்று ஃபீனிக்ஸில் அக்கா வீட்டுக்கு, ஒன்று கோயில் மண்டபத்துக்கு. 2023-ஐ டர்பனில் யாரும் மறந்திருக்க மாட்டோம். லோட் ஷெட்டிங், அதாவது ஏரியாவுக்கு ஏரியா முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது; ஸ்டேஜ் எண் கூடக் கூட இருட்டும் கூடும். ஸ்டேஜ் 6 என்று அறிவிப்பு வந்தால் அன்றைய நாளே இருட்டுக்கு நடுவில்தான் ஓடும். அந்த வருடம் முழுக்க மூன்றும் ஒரு நாள்கூடக் கைவிடவில்லை. டிவி சிமிட்டாது. வெளியே தெருவிளக்கு அணைந்திருப்பதைப் பார்த்துத்தான் கரண்ட் போனதே தெரியும். அந்தச் சுகத்துக்கு நான் கொடுத்த பணம் தகும்.

என் கோபமெல்லாம் ஃபேன் மேல்தான்.

ஒவ்வொன்றிலும் அடிப்பக்கம் இரண்டு ஃபேன். லோட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரவும் பகலும் சுற்றும். முதல் ஃபேன் 2024 மார்ச்சில் எங்கள் வீட்டில் நின்றது. டப்பாவில் மணலைப் போட்டு உருட்டுவது போல நாலு நாள் சத்தம், அப்புறம் அமைதி. பென்சிலால் தள்ளிவிட்டால் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடும். கழற்றி, முதுகில் இருந்த ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தேன். கிரீஸ் காய்ந்த புளி மாதிரிப் பழுப்பாகி ஷாஃப்டோடு ஒட்டிக்கிடந்தது. ஸ்லீவ் பேரிங்: குண்டு இல்லாமல், கிரீஸ் தடவிய குழலுக்குள் ஷாஃப்ட் சுற்றும் வகை. கடற்கரை ஊரின் புழுக்கத்தில் இதைப் போட யாருக்குத் தோன்றியதோ. ஜூனில் கோயிலில் ஒன்று, ஆகஸ்டில் எங்கள் வீட்டில் மற்றொன்று, நவம்பரில் மறுபடி கோயில்.

ஐந்தாவதுதான் என்னை இப்படி எழுத வைத்தது. 2024 மார்ச் 26-லிருந்து பத்து மாதம் லோட் ஷெட்டிங்கே இல்லை. 2025 ஜனவரி 31, வெள்ளிக்கிழமை சாயங்காலம் திடீரென்று ஸ்டேஜ் 3. அக்கா வீட்டு முறை வந்து இருபது நிமிடத்தில் இன்வெர்ட்டர் சூடேறிக் கத்தி அணைந்துவிட்டது. இரண்டில் ஒரு ஃபேன் சத்தமில்லாமல் செத்துப்போயிருந்தது. மாமாவின் இன்சுலின் ஃபிரிட்ஜில் இருக்கிறது என்று அக்கா போனில் அழுதாள்.

மறுநாள் கடையில் சண்டை போட்டேன். கவுன்ட்டரில் இருந்த பையன் ஃபேனின் விவரத்தாளைத் திருப்பிக் காட்டினான்: எம்டிபிஎஃப் (ஒரு பழுதுக்குச் சராசரியாக எத்தனை மணி ஓட்டம் என்ற எண்) 1,00,000 மணி நேரம். "பதினொரு வருஷம் ஓடும்னு போட்டிருக்கு அங்கிள்." அவனைத் திட்டிப் பயனில்லை. அந்த எண் எதைச் சொல்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆயிரம் ஃபேனை ஆயிரம் மணி நேரம் ஓட்டுங்கள். பத்து நின்றால், பத்து லட்சம் மணியைப் பத்தால் வகுக்க, வருகிறது ஒரு லட்சம். அதில் எந்த ஃபேனும் ஆறு வாரத்துக்கு மேல் ஓடியிருக்காது. இந்த எண்ணை எக்ஸ்பொனென்ஷியல் பரவலில் (எந்த வயதிலும் நிற்கும் வாய்ப்பு ஒன்றே என்று வைக்கும் கணக்கு) போட்டால், t மணி வரை ஒரு ஃபேன் தாங்கும் வாய்ப்பு e-யின் (சுமார் 2.718) அடுக்கு கழித்தல் t/1,00,000. ஒரு லட்சமாவது மணியைத் தொடுவது 37 சதவீதம்தான். மீதி 63 அதற்குள் போய்விடும். முதல் வருடத்தின் 8,760 மணிக்குள் ஒரு ஃபேன் நிற்க 8.4 சதவீதம். எங்களிடம் ஆறு இருக்கிறதே, அதில் ஒன்றாவது அந்த வருடத்தில் நிற்க 41 சதவீதம். பதினொரு வருஷம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரி, என் நோட்டுக் கணக்கு. ஆறு ஃபேன் இடம், மூன்று வருடம்: 1,57,680 மணி. ஐந்து பழுது. வகுத்தால் 31,536. ஒரு லட்சம் உண்மையாக இருந்தால் இத்தனை மணியில் ஒன்றரைப் பழுதுதான் எதிர்பார்க்கலாம். ஐந்தோ அதற்கு மேலோ வர நூற்றுக்கு இரண்டே வாய்ப்பு. இதோடு நிறுத்தி, ஃபேன் மட்டம் என்று எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் தேதிகளைப் பாருங்கள். முதல் இரண்டு வருடம், 1,05,120 மணி, ஒரு பழுதும் இல்லை. மூன்றாவது வருடத்தின் 52,560 மணிக்குள் ஐந்தும். அதாவது 10,512 மணிக்கு ஒன்று. 31,536 என்ற சராசரி எந்த வருடத்துக்கும் பொருந்தவில்லை. எக்ஸ்பொனென்ஷியலுக்கு ஞாபகம் கிடையாது. நேற்று வாங்கிய ஃபேனும் இரண்டு வருடம் ஓடிய ஃபேனும் நாளை நிற்க அதற்கு ஒரே வாய்ப்பு. இடி மின்னலில் போகும் பாகத்துக்கு அது சரி. காய்கிற கிரீஸுக்கு வயது உண்டு. அதற்கு, வயதோடு வாய்ப்பு மாறுவதையும் கணக்கில் எடுக்கும் வைபுல் பரவல்தான். அதில் வடிவ எண் ஒன்றாக இருந்தால் எக்ஸ்பொனென்ஷியல், ஒன்றுக்கு மேல் போனால் தேய்மானம். ஃபேன் வாங்கும்போது எம்டிபிஎஃப் கேட்காதீர்கள், எல்10 கேளுங்கள்: நூற்றில் பத்து நிற்கும் நேரம். எந்த வெப்பநிலையில் என்றும் கேளுங்கள்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று இன்வெர்ட்டரின் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் ஒன்றும் போகவில்லை. 78,840 மணி, பூஜ்யம் பழுது. அதை வைத்து 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடியது எம்டிபிஎஃப் 26,300 மணிக்குக் குறையாது என்பது மட்டுமே. ஆனாலும் ஸ்டேஜ் 6-ஐத் தாங்கிய போர்டு அது, எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு.

இருந்தும் தம்பி, எடுக்காதீங்க. பாதி விலைக்கும் வேண்டாம். இருநூறு ராண்டு கூட ஆகாத பால் பேரிங் (உருளும் குண்டு வைத்த) ஃபேனைப் போட மனசில்லாதவர்களுக்கு நம் காசு போகக் கூடாது. ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள் என்றால், இருபதாவது மாதத்தில் இரண்டு ஃபேனையும் பால் பேரிங்காக மாற்றிவிடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகிறேன். ஆறாவது ஃபேன் இன்னும் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு லட்சம் மணிக் கணக்குப்படி அதைத் தொடத் தேவையே இல்லை. கழற்றிவிடுவேன்.