கப்பல் கேப்டன் தொடங்கிய விமான நிறுவனம்: ஈவா ஏர் பயண அனுபவம்

சிங்கப்பூரிலிருந்து தைவான் தலைநகர் தைபேக்கு ஈவா ஏர் விமானத்தில் எகானமி வகுப்பில் சென்று வந்தேன். ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பயணம். இருக்கையையும் சாப்பாட்டையும் பற்றி எழுதுவதற்கு முன், இந்த நிறுவனம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயின் குறுக்கே ஆறு நாள்கள் சிக்கி நின்ற கப்பலின் பக்கவாட்டில் 'எவர்கிரீன்' என்று பெரிதாக எழுதியிருந்தது பலருக்கும் நினைவிருக்கும். அதே எவர்கிரீன் குழுமத்தின் விமான நிறுவனம்தான் இது.

குழுமத்தை நிறுவிய சாங் யுங்ஃபா, கப்பலில் கீழ்நிலை வேலையில் சேர்ந்து கேப்டன் வரை உயர்ந்த தைவான்காரர். 1968-இல் 15 ஆண்டுகள் ஓடித் தேய்ந்த ஒரே ஒரு கப்பலை வைத்துக்கொண்டு தொழிலைத் தொடங்கிய அவர், 1984-இல் உலகைக் கிழக்காகவும் மேற்காகவும் சுற்றிவரும் கண்டெய்னர் சேவையை நடத்தும் அளவுக்கு வளர்ந்திருந்தார். நிறுவனத்தின் இருபதாம் ஆண்டு நிறைவின்போது, அதாவது 1988 செப்டம்பரில், விமானத் துறையில் இறங்கப் போவதாக அறிவித்தார். மறு ஆண்டு அனுமதி கிடைத்ததும், சொந்தமாக ஒரு விமானம்கூட இல்லாத நிலையில், போயிங், மெக்டோனல் டக்ளஸ் ஆகிய இரண்டு நிறுவனங்களிடமும் சேர்த்து 26 விமானங்களுக்கு, ஏறத்தாழ 360 கோடி டாலர் மதிப்பில், ஆர்டர் கொடுத்தார். முதல் விமானம் 1991 ஜூலை 1 அன்று கிளம்பியது. எவர்கிரீன் என்ற பெயரையே விமானத்துக்கும் வைக்க முடியாமற்போனதற்குக் காரணம், அமெரிக்காவில் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு விமான நிறுவனம் இருந்ததுதான்.

கப்பல்காரரின் ஒழுங்கு விமானத்துக்குள் நன்றாகவே தெரிகிறது. நான் முன்பதிவின்போதே சைவ உணவு கேட்டிருந்தேன். பணிப்பெண் மற்றவர்களுக்குப் பரிமாறத் தொடங்கும் முன்பே என்னிடம் வந்து, தட்டின் மூடியில் ஒட்டியிருந்த சீட்டில் இருந்த இருக்கை எண்ணைத் தலைக்கு மேலுள்ள எண்ணோடு ஒப்பிட்டு, பெயரையும் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே தட்டை வைத்தார். (வேறொரு நிறுவனத்தின் விமானத்தில், சைவம் என்று எழுதிக் கொடுத்தும் மீன் வந்து, இரவு முழுவதும் ரொட்டியோடு காலம் தள்ளியவன் நான்.) சோறும் பருப்பும் சூடாக இருந்தன; காரம்தான் போதவில்லை. பாதுகாப்பு விளக்கப் படத்தை எல்லோரும் நிமிர்ந்து பார்த்ததையும் குறிப்பிட வேண்டும். தைவான் பூர்வகுடியைச் சேர்ந்த நடன இயக்குநர் புலாரெயாங் பகர்லாவா அமைத்த நடனம் அது. இருக்கைப் பட்டையை மாட்டுவதைக்கூடக் கலைஞர்கள் உடலசைவால் சொல்லிவிடுகிறார்கள்.

எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவே ஒரு வகுப்பை உலகில் முதன்முதலாகக் கொண்டுவந்த நிறுவனங்களுள் ஈவாவும் ஒன்று. நீண்ட பயணமாக இருந்தால் அதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். ஐந்து மணி நேரத்துக்குத் தேவையில்லை. 2005-இல் அறிமுகமான, ஹலோ கிட்டி என்ற ஜப்பானியக் கார்ட்டூன் பூனைக்குட்டியின் படம் தீட்டிய விமானங்களில் தலையணை முதல் சாப்பாடு வரை பூனைக்குட்டிதான். அத்தனை கண்டிப்பான கேப்டனின் நிறுவனத்தில் இதற்கு எப்படி இடம் கிடைத்ததோ!

இந்த ஒழுங்குக்குப் பலன் உண்டு. தொடங்கிய நாளிலிருந்து உயிரிழப்பு விபத்து எதுவும் நேர்ந்ததில்லை. ஆனால் அந்த ஒழுங்கைத் தோளில் சுமப்பவர்கள் பணிப்பெண்கள். 2019 கோடையில் அவர்கள் 17 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. பயணத் தேதியை மாற்ற முடியாதவர்கள் இதையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நான் வந்த வழித்தடத்துக்கு ஒரு கதை உண்டு. 2016 ஜனவரியில் சாங் இறந்தபோது, சொத்துகளையும் குழுமத் தலைமையையும் இளைய மகன் சாங் குவோவேக்கு எழுதி வைத்திருந்தார். அண்ணன்மார் அதை ஏற்கவில்லை. விமானியான இளையவர், ஈவாவின் தலைவராக இருந்தபோதே, மார்ச்சில் ஒரு நாள் தைபேயிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தைத் தாமே ஓட்டிச் சென்றிருந்தார். அந்த நேரத்தில் இயக்குநர் குழு கூடி அவரைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டது. பிறகு அவர் ஸ்டார்லக்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, 2020 ஜனவரியில் பறக்கவிட்டார். அடுத்த முறை தைபே போகும்போது அதில் ஏறிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.